ஸ்பிரிட்டில் நனைந்த கயிறு

அப்பா கயிறு கட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் சாயங்காலம்தான் ஆபத்தான நேரமாகிவிட்டது. அதற்கு முன்னால் அவருக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. டிராக்டரை முதலாளி வீட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டு அவர் எங்கே போவார் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வரும்போது நானும் அம்மாவும் சாப்பிட்டு முடித்திருப்போம். இப்போது வெயில் சுவரில் இருக்கும்போதே வந்துவிடுகிறார். வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வாசலுக்குப் போவார், கொல்லைக்குப் போவார், தண்ணீர் குடிப்பார், டிவியைப் போடுவார், அணைப்பார். ஆட்டை அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டுவார்.

"அது அங்கயே நல்லாத்தான நின்னுச்சு," என்பாள் அம்மா.

"இங்க காத்து வருது."

"ஆடு உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

வெளியூர்க்காரர்களுக்குக் கயிறு என்றால் புரியாது. எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவர்கள் மருத்துவரைவிடச் சாமியைத்தான் அதிகம் நம்புகிறார்கள். குத்தாலம் போகும் வழியில், வயலுக்கு நடுவே ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. பூசாரி வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிவிடுவார். எவ்வளவு காலத்துக்கு என்று சாமிக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு வருடம் என்றார். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால், குடித்தவருக்கு ஒன்றும் ஆகாதாம். அவர் வீட்டுத் தலைச்சன் பிள்ளைக்குத்தான் ஆகுமாம். எங்கள் வீட்டில் தலைச்சன் நான். கடைசியும் நானே.

நான் வேதியியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான், கல்லூரி வாசலை மிதித்ததும் நான்தான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. நன்னிலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். கறுப்புக் கயிற்றுக்கும் கல்லீரலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று யாருக்கு வேண்டுமானாலும் என்னால் விளக்க முடியும். ஆனால் அப்பா நம்பினார். டிராக்டர் முதலாளியும் நம்பினார். வேலையை விட்டு நிறுத்தியிருந்தவர், மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் சாவியைத் திரும்பக் கொடுத்தார். அதனால் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கயிறு ஒரு வருடம் தாங்கினால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில், பள்ளி நேரம் போக வீட்டில் நான் செய்யும் பட வேலை வீடு முழுவதும் ஸ்பிரிட் நாற்றத்தைப் பரப்பிக்கொண்டிருந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்வோம். வடிதாளில் ஒரு சொட்டுக் கறுப்பு மையை வைத்து, தாளின் நுனியை ஸ்பிரிட்டில் நனைத்தால், ஈரம் மேலே ஏறும்போது கறுப்பு பிரிந்து நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக விரியும். மற்றவர்கள் அதைக் குறிப்பேட்டில் ஒட்டி மதிப்பெண் வாங்கிக்கொண்டார்கள். என்னால் அதோடு விட முடியவில்லை. கறுப்புக்குள் இவ்வளவு இருந்தால் மற்றவற்றுக்குள் என்ன இருக்கும் என்று அரிப்பாக இருந்தது. பிறகு போனில் வீடியோ பார்த்தேன். ஆல்கஹால் இங்க் என்று ஒன்று விற்கிறது என்றும், அதை வழவழப்பான பரப்பில் ஊற்றிச் சூடான காற்றால் ஓட்டலாம் என்றும் தெரிந்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தேன், எனக்கு ஒரு ஹீட் கன் வாங்கினேன். பார்ப்பதற்குத் தலைமுடி உலர்த்தும் கருவிபோல இருக்கும். ஆனால் தலைப்பக்கம் கொண்டுபோனால் தலை இருக்காது.

அந்த இங்குக்கு உரிய தாளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊரில் பிளாஸ்டிக் பரப்புக்கா பஞ்சம்? காது குத்தலிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். விசேஷம் முடிந்து வேலியில் தொங்குவதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

"காரியத்துக்கு அடிச்ச பேனரெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராத," என்றாள் அம்மா.

"பின்பக்கத்துலதாம்மா வரையப்போறேன்."

"முன்பக்கம் செத்தவன் சிரிச்சிக்கிட்டு இருக்கான்டி."

ஃபிளெக்ஸை வெட்டிப் பலகையில் ஒட்டுவேன். முதலில் இங்கை ஊற்றி ஓட்டுவேன். அது காய்ந்ததும் மேலே ஸ்பிரிட்டைச் சொட்டுவிட்டால் ஒவ்வொரு சொட்டும் வண்ணத்தை விலக்கிக்கொண்டு வளையம் வளையமாக விரியும். அதற்கு மேல் வார்னிஷ். பிறகு மெல்லிய தாள், பொடித்த வைக்கோல், சூட்டில் உருகும் பொடி. ஸ்பிரிட் பாட்டிலைத் தூரமாக வைத்துவிட்டு ஹீட் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஃபிளெக்ஸ் அப்பளம்போலக் கொப்பளிக்கும். கொப்புளத்தைச் சுற்றி மறுபடி இங்க் ஓடி நிற்கும். ஓர் அடுக்கு நன்றாக இறுகும் முன் அடுத்ததைப் போட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். காத்திருக்க வேண்டும். எனக்கு வராத ஒன்று அதுதான். காயும்வரை நான் வாசலுக்குப் போவேன், கொல்லைக்குப் போவேன், விரலால் தொட்டுப் பார்த்து ரேகை பதித்துக் கெடுப்பேன்.

அப்படி நானும் அப்பாவும் ஒருவருக்கொருவர் குறுக்கே நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில்தான் சொன்னேன்: "சும்மாதான சுத்துற, இதக் கொஞ்சம் புடிப்பா."

தஞ்சாவூரில் ஒரு பல் மருத்துவர் தன் காத்திருக்கும் அறைக்கு மூன்று பெரிய பலகைகள் கேட்டிருந்தார். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், பார்ப்பவர்களுக்கு மனம் அடங்க வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய பலகையை ஒரே ஆள் சாய்த்துக்கொண்டு ஹீட் கன்னையும் பிடிக்க முடியாது. அப்பா இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்தப் பக்கம்?" என்றார். "உம் பக்கம்." அவர் தன் பக்கம் சாய்க்க, நீலம் மெதுவாக அவரை நோக்கி ஓடியது. நான் சூடான காற்றால் அதை விளிம்புக்கு முன்னால் நிறுத்தினேன். "ம்," என்றார். இன்னொரு முறை செய்யலாமா என்பதைப்போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் டிராக்டரை விட்டுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு நேராகப் பலகைக்கு வந்தார். ஆரம்பத்தில் அவர் கைகள் நடுங்கின. நடுக்கத்தில் இங்க் சின்னச் சின்ன அலையாக வந்தது. நான் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டேன். போகப்போக நடுக்கம் குறைந்தது. அலைகளும் குறைந்தன, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

இப்படியாக, என் அப்பாவின் சாயங்காலத்தை நிரப்பிய வேலையே அவர் சட்டையில் ஸ்பிரிட் வாசனையை ஏற்றியது. இதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, இறங்காமலே மூக்கை உறிஞ்சியபோதுதான் புரிந்தது.

"என்னம்மா டீச்சரு, வீடே மணக்குது. உங்கப்பன் இருக்கானா?"

"எங்கப்பா புல்லறுக்கப் போயிருக்காங்க. என்னங்க?"

"டீக்கடையில ஒருத்தன் சொன்னான், அவன் சட்டை கமகமன்னு இருக்குன்னு. கயிறு கட்டியிருக்கானே, பொய்யா இருக்கும்னு நெனச்சேன். இப்ப நானே மோந்து பாத்துட்டேன்."

என்னை டீச்சர் என்றும் என் அப்பாவை அவன் என்றும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு முடிகிறது. "உள்ள வந்து பாருங்க," என்றேன். வந்தார். பாட்டிலைத் திறந்து காட்டினேன். "ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்கல்ல, அதுதான் இது. என் வேலைக்கு வச்சிருக்கேன். யாரும் குடிக்க முடியாது. குடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்."

அவர் பாட்டிலை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தார். "இது என்னது, குளமா?"

"இன்னும் முடியலீங்க."

"முடிஞ்சா குளமாயிடுமா?"

பாட்டிலை மூடி வைத்தேன். அவர் வாசலுக்குப் போய்த் திரும்பினார். "நான் ஒத்துக்குறேம்மா. ஆனா டீக்கடையில இருக்க ஒவ்வொருத்தனுக்கும் போயி நீ கிளாஸ் எடுக்க முடியாதுல்ல. நாளைக்கு வண்டி எங்கயாச்சும் வரப்புல ஏறிச்சுன்னா என்னத்தான் கேப்பானுங்க. பாத்துக்க."

அன்றிலிருந்து நான் என் வேலையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மொட்டை மாடிக்குப் போனால் எங்கோ நெல் தூற்றும் தூசு வந்து ஈர இங்கில் ஒட்டியது. ஆட்டுக் கொட்டகையில் ஆடு வைக்கோல் அடுக்கைத் தின்றது. கொல்லைக்கு வயர் இழுத்தால், சுற்றிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் மின்சாரம் தளர்ந்து ஹீட் கன் வெறும் வெதுவெதுப்பை ஊதியது. மழை ஈரம் இருந்த நாட்களில் வண்ணத்தின்மேல் வெள்ளை பூத்தது. எங்கே போனாலும் அப்பா பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெறும் பனியனோடு நின்றார். கடைசியில் மாடிக்கே திரும்பினோம், தார்ப்பாய் கட்டிக்கொண்டு.

இன்னொன்றும் செய்தேன். வேலை முடிந்ததும் ஸ்பிரிட் பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அந்த ஸ்பிரிட் உள்ளே போனால் உடம்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஒரு கெட்ட சாயங்காலத்தில் ஒருவர் எதைக் குடிப்பார் என்பதும் தெரியும். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வீடு மூன்று பேர் இருக்கும் வீடு, சொல்லாமல் எதுவும் நிற்காது.

"பீரோல வச்சிப் பூட்டுறியாமே," என்றார் பலகையைப் பிடித்துக்கொண்டே.

"ஆமாப்பா. அது விஷம்."

"விஷம்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும்..."

"இருந்தாலும்," என்றார் அவரும். பச்சை என் பக்கம் ஓடி வந்தது. "பூட்டிக்க. சாவிய மட்டும் நான் பாக்குற எடத்துல வைக்காத," என்றார். அவர் கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே கேட்டுக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன்.

மூன்றாவது பலகையில்தான் அது நடந்தது. மேல் அடுக்கு. பச்சையும் நீலமும் சேரும் இடத்தில் ஒரு கோடு வேண்டும், அதிகம் போனால் எல்லாம் பாழ். "இன்னும் கொஞ்சம் சாய்ப்பா" என்றேன். அப்பா சாய்த்தார். பச்சை வேகமாக விளிம்பைத் தாண்டி அவர் கையில் வழிந்தது. மணிக்கட்டு வரை வந்துவிட்டது.

"விடு, கழுவிக்கலாம்," என்றார்.

"தண்ணில போவாதுப்பா." பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவர் கையை இழுத்துத் துடைத்தேன். தினமும் என் விரல்களை அப்படித்தான் துடைப்பேன். யோசித்துச் செய்வதில்லை, பாத்திரம் கழுவிய கையை முந்தானையில் துடைப்பதுபோல. விரல், புறங்கை, மணிக்கட்டு என்று ஒரே இழுப்பு.

அப்பா கையை உதறிப் பிடுங்கினார். பலகையின் ஒரு மூலை தரையில் இடித்தது. "கயிறு," என்றார்.

கறுப்புக் கயிறு சொதசொதவென்று நனைந்திருந்தது. ஸ்பிரிட் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, அது ரெண்டு நிமிஷத்துல ஆவியாயிடும். பாரு, இப்பவே காயுது."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ந்தது. கயிறு பழையபடிதான் இருந்தது. அவர் முகம்தான் பழையபடி இல்லை. மூக்கருகே கொண்டுபோனார், சட்டென்று விலக்கினார். தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மறுபடி முகர்ந்தார். "வருது," என்றார். நான் முகர்ந்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. அம்மா வந்து முகர்ந்தாள். "சோப்பு வாசனதான் வருது."

"உங்களுக்குத் தெரியாது," என்றார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது இடது கையில் ஸ்பூன் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வலது கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் அந்த மணிக்கட்டும் கூடவே மூக்குக்கு வருகிறதாம். இடது கைக்குப் பழக்கமில்லாமல் சோறு மடியில் விழுந்தது. பாதியில் எழுந்துவிட்டார்.

அடுப்பங்கரையில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தடி பண்ணித் தொலைச்ச?"

"உள்ள ஒரு சொட்டு போவலம்மா. தோல்ல பட்டுச்சு, காஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

"உன் கணக்கு எனக்கெதுக்கு? அந்த மனுசனுக்கு ஒரு சாக்கு வேணும். எனக்குத் தெரியும். காவேரியில தண்ணி வரலன்னு குடிச்சாரு. வந்துடுச்சுன்னு குடிச்சாரு. நீ பாஸாயிட்டன்னு குடிச்சாரு. இப்ப கயிறு கெட்டுப்போச்சுன்னு ஆயிடுச்சுல்ல, இனிமே கட்டுப்பட என்ன இருக்குன்னு கெளம்பிடுவாரு."

அம்மா சொன்னது எனக்கு முன்பே தோன்றியிருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. பலகையின் இடிபட்ட மூலையைச் சரிசெய்யலாம் என்று எடுத்தேன். அப்பா சைக்கிளை வெளியே தள்ளினார். "பூசாரியப் பாத்துட்டு வர்றேன்."

கோயிலுக்குப் போகும் சாலையில்தான் அவர் வழக்கமாகப் போகும் அந்த மதுக்கடையும் இருக்கிறது. அவர் தெருமுனை திரும்பும்வரை ஹீட் கன்னை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கொப்புளம் எழுப்பினேன், அது கருகியது. இன்னொன்று எழுப்பினேன், கிழிந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். "போகாத, பின்னாடி போனா இன்னும் மோசமாயிடும்," என்றாள் அம்மா. பிறகு, "சீக்கிரம் போ," என்றாள்.

கடைக்கு வெளியே நின்ற சைக்கிள்களில் எங்கள் சைக்கிள் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் இரண்டாவது முறை பார்த்தேன். அங்கே நின்றிருந்த ஒருவர், "யாரத் தேடுறீங்க டீச்சர்?" என்றார். வண்டியை முறுக்கினேன்.

கோயிலில் அப்பா பூசாரிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பூசாரி என்னைவிடச் சில வயதுதான் பெரியவர், இடுப்பில் போன் செருகியிருந்தார்.

"உள்ள போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல சாமி. கயித்துலதான்."

"நாக்குல பட்டுச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்னண்ணே? ஆஸ்பத்திரில ஊசி போட்டாக்கூடத்தான் தேய்க்கிறாங்க. முனி அதுக்கெல்லாம் கணக்கு வைக்கமாட்டாரு. துண்ணூறு பூசிக்கிட்டுப் போங்க."

"வாசம் போவல."

பூசாரி குனிந்து முகர்ந்தார். "துண்ணூறு வாசனதான்ண்ணே வருது."

"எனக்கு அதுதான் வருது. அவுத்துடுங்க சாமி."

பூசாரி நிமிர்ந்தார். "அதெல்லாம் நடுவுல அவுக்கறதில்லண்ணே. சொன்ன நாளு முடியல. நான் கை வச்சா பழி எம்மேல." அப்போதுதான் என்னைப் பார்த்தார். "வாங்கம்மா. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

நான் சொல்ல எடுத்துக்கொண்டு வந்தது நிறைய இருந்தது. ஸ்பிரிட் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும், நூலில் ஏன் தங்காது, மனம் எப்படி ஒரு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பா என் பக்கம் திரும்பி அந்தக் கையை என்னிடம் நீட்டினார்.

"நீ அவுத்துவுடு பாப்பா."

பூசாரி, "அண்ணே, தலைச்சன் புள்ளண்ணே அது," என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். முனீஸ்வரரின் மீசையை நேராகப் பார்த்துக்கொண்டு அதைத் தெரிந்துவைத்திருந்தேன். நான் பயந்தது வேறொன்றுக்கு. இத்தனை நாள் இந்த மனுஷனைப் பிடித்து வைத்திருந்தது இந்த ஒரு முழக் கயிறுதான். இதை என் கையால் எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் என் கணக்கில்தான் வரும்.

"அவுத்தா என்னப்பா பண்ணுவ?"

"தெரியல."

"அப்ப எதுக்கு?"

"கட்டியிருந்தா என்ன பண்ணுவேன்னு தெரியும்," என்றார். "நேத்துலேருந்து ஒரே நெனப்பு. கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னு. கெட்டுப்போனதக் கையில வச்சிக்கிட்டு நான் ரொம்ப நேரம் தாங்கமாட்டேன் பாப்பா. அந்தக் கடையத் தாண்டி வர்றப்ப எறங்கிட்டேன். மறுபடி ஏறி மிதிச்சு வந்தேன்."

பூசாரி இடுப்பிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தின் அந்தப் பக்கம் போனார். "நான் பாக்கல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. வேர்வையும் சேற்றுத் தண்ணீரும் அதை ஒரே கட்டியாக்கியிருந்தன. நகத்தால் நிமிண்டினேன், நகம் மடங்கியது. குனிந்து பல்லால் கடித்து ஓர் இழையை இழுத்தேன். உப்பும் டீசலும் கரித்தன. வேறு எந்த வாடையும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக முடிச்சு நெகிழ்ந்தது. கயிறு வந்ததும் அப்பா அதை வாங்கிச் சூலத்தில் சுற்றினார். கும்பிடவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

திரும்பும்போது அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஸ்கூட்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரத்தில் அவர் காலை ஊன்றி நின்றார். "நீ முன்னாடி போ."

"இல்லப்பா, சேந்தே போவலாம்."

"நீ பின்னாடி வர்றது திருடனப் புடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு. போ. நான் அப்படியே வண்டி எடுக்கப் போறேன். ஒழவு கெடக்கு."

அந்தக் கடை இன்னும் வரவில்லை. அவரை அந்தச் சாலையில் தனியாக விட்டுவிட்டு நான் போனேன். கடையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காகக் கைப்பிடியை எவ்வளவு அழுத்தினேன் என்பது இரண்டு நாள் தோள் வலித்தபோதுதான் தெரிந்தது.

அன்று பகல் முழுவதும் நான் உட்காரவில்லை. பலகையில் கருகிய இடத்தைச் சுரண்டினேன், புது ஃபிளெக்ஸ் துண்டு வைத்து ஒட்டினேன், அது சரியாக ஒட்டும் முன்பே இங்க் ஊற்றினேன், இரண்டும் கலந்து சேறாயின. துடைத்தேன். மறுபடி. அம்மா நடவிலிருந்து வந்து, "கயிறு எங்க?" என்று கேட்டாள். சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு ஒண்ணும் பண்ணலல்ல?" என்றாள் சற்றுக் கழித்து.

"ஒண்ணும் பண்ணாதும்மா."

"நாளைக்குத் தலைக்குக் குளி," என்றாள்.

வெயில் சுவரை விட்டு இறங்கியது. அப்பா வரவில்லை. எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். தெருவிளக்கு எரிந்தது. நான் மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டிப் பார்த்தேன். பச்சை தன் இஷ்டத்துக்கு ஓடி ஒரு மூலையில் தேங்கியது.

அப்புறம் சைக்கிள் சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம். படியேறி வந்தார்.

இத்தனை வருடமும் அம்மாவின் வழி ஒன்றுதான். அவர் வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு பக்கத்தில் போவாள். கொடுக்கும்போது ஒரு மூச்சு இழுப்பாள். அதிலேயே தெரிந்துவிடும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும். நானும் அதேபோல ஒரு மூச்சு இழுத்தேன். என் கையில் ஸ்பிரிட், என் துப்பட்டாவில் ஸ்பிரிட், தார்ப்பாய்க்குள் காற்றே ஸ்பிரிட். அவர் வாயில் என்ன இருந்தாலும் என் மூக்குக்குத் தெரியப்போவதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது.

ஹீட் கன்னை அணைத்தேன். "குடிச்சியாப்பா?"

கீழே அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியை யாரும் அதுவரை அவரிடம் நேராகக் கேட்டதில்லை.

"இல்ல," என்றார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வண்டிய விட்டுட்டு வாய்க்கா மதவுல உக்காந்திருந்தேன். தண்ணி போறதப் பாத்துக்கிட்டு. வீட்டுக்கு வந்தா நீ கேப்பியான்னு இருந்துச்சு. கேக்காம உங்கம்மா மாதிரி செம்பத் தூக்கிட்டு வருவியோன்னும் இருந்துச்சு."

அவர் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்த வழியும் இல்லை. சோதித்துப் பார்க்க ஆய்வகம் இல்லை, கயிறு இல்லை, மூக்கும் இல்லை. நம்பினேன். நம்பிய பிறகும் நெஞ்சு அடங்கவில்லை.

"பல் டாக்டருக்கு அடுத்த வாரம் கொடுக்கணும்," என்றேன். "அந்த மூலையப் பாரு, சேறாயிடுச்சு."

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பலகையின் மறுமுனைக்குப் போனார். "எந்தப் பக்கம்?"

"எம் பக்கம். மெதுவா."

சாய்த்தார். தேங்கியிருந்த பச்சை அசைந்தது.

"நாளைக்கும் கேப்பியா?" என்றார், பலகையைப் பார்த்தபடியே.

"கேப்பேன்."

"கேளு," என்றார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.